டிசம்பரில் அறுகம்பை வேண்டாம், வெலிகமவுக்குப் போங்கள்

தம்பி, பண்டாரவளையிலிருந்து டிசம்பர் லீவில் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள அறுகம்பைக்குப் போய் சர்ஃபிங் (பலகையில் ஏறி அலைமேல் சறுக்குவது) பழகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த மாதம் அங்கே வேண்டாம். வடகீழ்ப் பருவமழையில் கிழக்குக் கடல் குழம்பிக் கிடக்கும். அறுகம்பைக்கு மே முதல் செப்டெம்பர் வரைதான் நல்ல காலம். டிசம்பரில் தெற்கே வெலிகம சரி. வெல்லவாயவில் இறங்கி மாத்தறைக்குப் பஸ் பிடித்தால், அங்கிருந்து வெலிகம கிட்டத்தான். பழகுகிற இடத்தில் அடி மணல், விழுந்தாலும் கல் கிழிக்காது.

நீந்தத் தெரியாது என்றும் எழுதியிருந்தீர்கள், அதுதான் எனக்குக் கவலை. நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் ஆற்றில் குளித்ததோடு சரி. கடலின் இழுப்பு வேறு. பயிற்றுநரோடு, இடுப்பளவு தண்ணீரில் மட்டும் தொடங்குங்கள். அப்புறம், மெழுகு பூசிய பலகையில் குப்புறப் படுத்தால் வயிறு உரசிச் சிவந்து எரியும். இறுக்கமான முழுக்கை டீசேர்ட் ஒன்று கொண்டுபோங்கள்.