நைல்ஸ் மௌனப்பட அருங்காட்சியகத்தின் கோடைத் திரையிடல்களுக்கு ஆங்கிலம் அதிகம் தெரியாத பெற்றோரை அழைத்துப் போகலாமா?

தாராளமாக அழைத்துப் போங்கள். ஊரிலிருந்து கோடைக்கு வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு நூறு வருடத்துக்கு முந்தைய அமெரிக்கப் படங்கள் புரியுமா, அலுத்துப் போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போன ஜூலையில் நான்கு சனிக்கிழமை இரவுகள் என் அப்பாவோடும் ஒன்பது வயது மகளோடும் அங்கே போனேன். அந்த ஒரு மாதத்தை அப்படியே சொல்கிறேன், முடிவு நீங்களே செய்துகொள்ளலாம்.

அப்பாவுக்கு 74 வயது. நாங்கள் வேலைக்கும் மகள் கோடை முகாமுக்கும் கிளம்பிவிட்டால் பகல் முழுக்க வீட்டில் தனியாக இருப்பார். சாயங்காலம் நடக்கப் போனால் எதிரே வருகிறவர்கள் சிரித்து ‘ஹாய்’ சொல்வார்கள். அதற்கு மேல் பேச அவரிடம் ஆங்கிலம் இல்லை. "எல்லாரும் நல்லவங்களாத்தான் இருக்காங்க, பேசத்தான் ஆள் இல்ல" என்று ஒரு நாள் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அது இரவு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாரம்தான் நைல்ஸ் ஞாபகம் வந்தது. வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் இருக்கும் இடம், பல வருடங்களாகக் கடந்து மட்டும் போயிருக்கிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1956இல் ஐந்து சின்ன ஊர்களைச் சேர்த்து உண்டாக்கியதுதான் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரம். அவற்றில் ஒன்று நைல்ஸ். மலையடிவாரத்தில் ஒரு கடைத்தெரு, பக்கத்தில் ரயில் பாதை, மலைச்சரிவில் பெரிய வெள்ளை எழுத்துகளில் ஊர்ப் பெயர். 1912இலிருந்து 1916 வரை இங்கே எஸ்ஸனே என்ற கம்பெனி படம் எடுத்தது. ஜார்ஜ் ஸ்பூர், கில்பர்ட் ஆண்டர்சன் என்ற இரண்டு பங்குதாரர்களின் பெயரிலுள்ள ‘எஸ்’ஸும் ‘ஏ’வும் சேர்ந்து ‘எஸ் அண்ட் ஏ’ ஆகி, அதுவே எஸ்ஸனே ஆனது. அந்த நான்கு வருடத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட சின்னப் படங்கள் இந்தத் தெருக்களிலும் மலைகளிலும் எடுக்கப்பட்டன. ஸ்டுடியோவை 1933இல் இடித்துவிட்டார்கள். ஆனால் 1913இல் கட்டிய எடிசன் தியேட்டர் என்ற சின்னக் கொட்டகை மட்டும் நின்றுவிட்டது. அருங்காட்சியகம் அதற்குள்தான் இருக்கிறது, படங்களும் அங்கேதான் ஓடுகின்றன.

முதல் சனிக்கிழமை சீக்கிரமே போய்விட்டோம். முன்பக்கத்தில் பழைய கேமராக்கள், புரொஜக்டர்கள், போஸ்டர்கள். ஒரு புரொஜக்டர் முன்னால் அப்பா நின்றவர் நகரவே இல்லை. "இது கார்பன் போட்டு எரிக்கிறதுதானே?" என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாது. அங்கே தன்னார்வலராக இருந்த ஒரு பெரியவரிடம் மகள் கேட்டாள். ஆமாம் என்றார் அவர். இரண்டு கார்பன் குச்சிகளை நெருக்கிப் பிடித்து மின்சாரம் பாய்ச்சினால் நடுவில் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் வரும். குச்சி எரிந்து தேயத் தேய ஆபரேட்டர் அதைத் தள்ளிக்கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் திரையில் வெளிச்சம் மங்கிவிடும். அப்பா இதையெல்லாம் கையசைத்துச் செய்து காட்டினார். சின்ன வயதில் எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டர் அறை வாசலே கதி என்று கிடந்தவர். அறுந்த பிலிம் துண்டுகளைச் சேர்த்துவைத்து, பியூஸ் போன பல்பில் தண்ணீர் ஊற்றி லென்ஸாக்கி, கண்ணாடியில் வெயிலைத் திருப்பி வீட்டுச் சுவரில் படம் காட்டிய கதையை அவர் தமிழில் சொல்ல, மகள் ஆங்கிலத்தில் சொல்ல, அந்தப் பெரியவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டிக் கேட்டார். நான் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். இங்கே வந்த பிறகு வெளியாள் ஒருவரோடு அப்பா இருபது நிமிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அன்றைக்குப் படமே ஓடாமல் இருந்திருந்தாலும் நான் அடுத்த வாரம் அவரைக் கூட்டி வந்திருப்பேன்.

படம் ஓடியது. முதலில் பிராங்கோ பில்லி என்ற கௌபாய் பாத்திரத்தின் ஒரு ரீல் படம், அதாவது பத்துப் பதினைந்து நிமிடக் குறும்படம். அந்த பில்லியாக நடித்தவர் கம்பெனியின் பங்குதாரர் ஆண்டர்சனே. 1903இல் வந்த புகழ்பெற்ற ரயில் கொள்ளைப் படத்தில் மூன்று சின்ன வேடங்களில் தலைகாட்டி, பிறகு அமெரிக்க சினிமாவின் முதல் கௌபாய் நட்சத்திரமாக உயர்ந்தவர். குதிரைகள் ஒரு சரிவில் இறங்கும்போது அப்பா என் கையைத் தட்டி, "இது வெளிய தெரியுதே, அந்த மலைதானே?" என்றார். அதே மலைதான். கதவைத் திறந்தால் எதிரே நிற்கும் மலையை நூறு வருடத்துக்கு முந்தைய பிலிமில் பார்ப்பது என்ன உணர்வு என்று இங்கே எழுதிப் புரியவைக்க முடியவில்லை. போய்த்தான் பார்க்க வேண்டும்.

இனி பியானோ. இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். மௌனப் படம் என்றால் சத்தமில்லாமல் உட்கார்ந்து பார்ப்பது என்று நினைத்திருந்தேன். அந்தப் படங்கள் வெளிவந்த காலத்திலேயே அப்படிப் பார்த்ததில்லை. ஊருக்குத் தகுந்தபடி பியானோ, ஆர்கன், சில பெரிய தியேட்டர்களில் முழு ஆர்கெஸ்ட்ரா என்று ஏதாவது ஒன்று திரைக்கு முன்னால் இருந்தது. நைல்ஸிலும் திரைக்குக் கீழே ஒருவர் உட்கார்ந்து, படத்தை நிமிர்ந்து பார்த்தபடியே வாசிக்கிறார். துரத்தல் காட்சியில் கை பறக்கிறது. கதாநாயகி ஜன்னலோரம் நிற்கும்போது இரண்டு சுரம் மட்டும் விழுகிறது. சபை சிரித்தால் சிரிப்பு அடங்கும்வரை அதே இடத்தில் சுற்றிச் சுற்றி வாசித்துக் காத்திருந்து, அப்புறம் அடுத்த கட்டத்துக்குப் போகிறார். பதிவுசெய்த இசையால் இது முடியாது. நம் கச்சேரியில் பாடகரின் முகத்தைப் பார்த்து மிருதங்கக்காரர் வாசிப்பது மாதிரி என்று சொல்லலாம். ஒரு இடத்தில், தாய் தன் குழந்தையைத் தேடி ஓடிவந்து தொட்டிலில் குனியும்போது, வாசிப்பதை நிறுத்திவிட்டார். ஐந்தாறு நொடி எந்த ஒலியும் இல்லை. அப்பா மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது.

உங்கள் கேள்வியின் முக்கியமான பகுதி மொழி. படத்தில் நடுநடுவே வசன அட்டைகள் வரும், எல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனால் ஒரு ரீல், இரண்டு ரீல் நகைச்சுவைப் படங்களில் அவை மிகக் குறைவு, விட்டுவிட்டாலும் கதை போய்விடாது. நீளப் படங்களில் கொஞ்சம் தேவைப்படும். என் மகள் தாத்தாவின் காதோடு வாய் வைத்து ஒவ்வொரு அட்டையையும் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். அவள் தமிழ் தடுமாறும் தமிழ். "அவன் சொல்றான், நான் உன்னை... என்ன தாத்தா அது, ஏமாத்தலன்னு" என்கிற மாதிரி. அப்பா சரியான சொல்லை எடுத்துக்கொடுப்பார், அவள் திருப்பிச் சொல்வாள். வீட்டில் தமிழ் வகுப்புக்கு உட்கார மாட்டேன் என்று அடம்பிடிக்கிறவள், இருட்டில் ஒன்றரை மணி நேரம் விடாமல் தமிழ் பேசினாள். பக்கத்து இருக்கையில் இருப்பவர்களுக்குத் தொந்தரவாகுமோ என்று பயந்து கடைசி வரிசைக்கு மாறினோம். யாரும் முகம் சுளிக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா சொன்னார், அவருடைய தாத்தா காலத்தில் திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்று கதை சொல்வாராம். அது உண்மைதான். மௌனப் பட நாட்களில் தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரியாத கூட்டத்துக்காக அட்டைகளை உரக்கப் படித்து, கதையை விளக்க ஆள் வைத்திருந்தார்கள். 1905 வாக்கில் சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜக்டரை வாங்கிக்கொண்டு, ரயில்வே வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டக் கிளம்பியதிலிருந்து தொடங்குகிறது நம் கதை.

இரண்டாவது வாரம் அவ்வளவு சரியாக அமையவில்லை. நீளமான குடும்பக் கதை, அட்டைக்கு மேல் அட்டை. மகள் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனாள், அப்பா பாதியில் கண்ணயர்ந்துவிட்டார். அதனால் முதல் தடவை பெற்றோரைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால், நிகழ்ச்சி நிரலைப் பார்த்து நகைச்சுவைக் குறும்படங்கள் காட்டும் இரவாகத் தேர்ந்தெடுங்கள். மூன்றாவது வாரம் எங்களுக்கு அப்படி அமைந்தது. பஸ்டர் கீட்டனின் 1920ஆம் ஆண்டுப் படம். புதுமணத் தம்பதிக்குப் பெட்டி பெட்டியாக வந்திறங்கும் வீட்டை அவர்களே பொருத்திக் கட்ட வேண்டும். எதிராளி ஒருவன் பெட்டிகளின் எண்களை மாற்றிவிடுகிறான். வீடு கோணல்மாணலாக எழுகிறது. அப்பா கடன் வாங்கி, கொத்தனாரோடு மல்லுக்கட்டிச் சொந்த வீடு கட்டியவர். அவர் சிரித்த சிரிப்பில் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்து, அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். சுற்றி இருந்தவர்களோடு ஒரே நேரத்தில், ஒரே விஷயத்துக்கு, மொழிபெயர்ப்பு இல்லாமல் அவர் சிரித்தார். நான் திரையைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். யூடியூபில் பார்த்துவிட்டு, ‘மௌனப் படத்தில் எல்லாரும் விசுக் விசுக்கென்று ஓடுவார்கள்’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்தக் காலக் கேமராவைக் கையால் சுற்றினார்கள், நொடிக்கு 16லிருந்து 20 பிரேம் (பிலிமில் உள்ள தனித்தனிப் படம்) வரை, சில சமயம் அதற்கும் மேலே. பேசும் படம் வந்த பிறகு நொடிக்கு 24 என்று நிலைத்தது. பழையதை 24இல் ஓட்டினால் மனிதர்கள் பொம்மை மாதிரித் துள்ளுவார்கள். சரியான வேகத்தில் ஓட்டினால் அவர்கள் நம்மைப் போலத்தான் நடக்கிறார்கள், நம்மைப் போலத்தான் தயங்குகிறார்கள்.

அந்த மூன்றாவது வாரம்தான் அப்பா கேட்டார், "நம்ம ஊர் மௌனப் படமெல்லாம் எங்க போட்டுக் காட்டுறாங்க?"

எங்கேயும் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனாலும் சொன்னேன். சென்னையில் நடராஜ முதலியார் 1910களின் இறுதியில் கீசகன் கதையைப் படமாக எடுத்தார். தென்னிந்தியாவின் முதல் கதைப் படம் அது, அதில் ஓர் அடி பிலிம்கூட மிஞ்சவில்லை. தென்னிந்தியாவில் அன்றைக்கு எடுத்த அத்தனை மௌனப் படங்களிலும் இன்று முழுமையாகப் பார்க்கக் கிடைப்பது திருவிதாங்கூர்க் கதையான மார்த்தாண்ட வர்மா ஒன்றுதான். அதுவும் தப்பியது ஒரு வழக்கால். படத்துக்கு மூலமான நாவலின் உரிமை தங்களுடையது என்று அதன் பதிப்பகம் வழக்குப் போட்டுப் படத்தைப் பறிமுதல் செய்ததில், பெட்டி அவர்களிடமே கிடந்து பிழைத்தது. 1974இல் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அதை மீட்டது. அமெரிக்காவிலும் நிலைமை இதைவிடப் பெரிதாக மேல் என்று சொல்ல முடியாது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே எடுத்த சுமார் 11,000 முழுநீள மௌனப் படங்களில் மூல வடிவிலேயே முழுதாக மிஞ்சியவை 14 சதவீதம். அன்றைய நைட்ரேட் பிலிம் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும், பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள் போட்டாலும் அணையாது. எரிந்தவை போக, மட்கிப் பொடியானவை, வெள்ளிக்காக உருக்கப்பட்டவை, பேசும் படம் வந்ததும் இனி எதற்கு என்று தூக்கி எறியப்பட்டவை ஏராளம். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் வந்தார். பிறகு, "அந்தத் துண்டையெல்லாம் நான் வச்சிருந்திருக்கணும்" என்றார். அவர் சொன்னது சிறுவயதில் சேர்த்த பிலிம் துண்டுகளை. பரண் சுத்தம் செய்யும்போது என்றைக்கோ போய்விட்டதாம்.

நான்காவது சனிக்கிழமை சாப்ளினின் படம். 1915இன் தொடக்கத்தில் சில மாதங்கள் அவர் நைல்ஸில் வேலை செய்தார். ‘தி டிராம்ப்’ அப்போது எடுத்ததுதான். நாடோடி ஒருவன் பண்ணை வீட்டுப் பெண்ணைத் திருடர்களிடமிருந்து காப்பாற்றுகிறான், அங்கேயே வேலைக்கு நிற்கிறான், அவளுக்கு வேறொருவன் இருப்பது தெரிந்ததும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறான். நமக்கு முதுகு காட்டித் தளர்ந்து நடக்கிறவன், சட்டென்று தோளைக் குலுக்கிக்கொண்டு உற்சாகமாக எட்டு வைக்கிறான், திரை வட்டமாக மூடுகிறது. அந்தப் பாதை ஊரை ஒட்டிய நைல்ஸ் கேன்யனில் இருக்கிறது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பள்ளத்தாக்கு வழியாகச் சுற்றுலாவுக்கு ஓடும் பழைய ரயிலில் மூவரும் போனோம். எந்தத் திருப்பத்தில் எடுத்திருப்பார்கள் என்று அப்பாவும் மகளும் ஜன்னலுக்கு ஜன்னல் மாறி உட்கார்ந்து தேடினார்கள்.

அருங்காட்சியகம் கோடையில் வேறு விழாக்களும் நடத்துகிறது. சாப்ளின் நாட்கள் உண்டு, பிராங்கோ பில்லி பெயரில் மௌனப்பட விழா உண்டு. தேதிகள் வருடத்துக்கு வருடம் மாறும், பெற்றோரின் பயணத்துக்குத் தகுந்தபடி முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். படம் தொடங்க அரை மணிக்கு முன்பே போய்விடுங்கள், அந்த முன் அறை அவசியம் பார்க்க வேண்டியது. குழந்தைகள் இருந்தால் கட்டாயம் கூட்டிப் போங்கள், அட்டை படித்துச் சொல்ல ஆள் வேண்டும்.

ஆகஸ்டில் அப்பா ஊருக்குத் திரும்பிவிட்டார். நாங்கள் இப்போதும் மாதம் ஒரு சனிக்கிழமையாவது போகிறோம். படம் விட்டு வெளியே வந்தால் இங்கே இரவு பத்து, அங்கே ஞாயிறு காலை பத்தரை. கார் கிளம்புவதற்குள் அப்பாவிடமிருந்து அழைப்பு வந்துவிடும். மகள் பின்சீட்டில் உட்கார்ந்து முதல் காட்சியிலிருந்து சொல்ல ஆரம்பிப்பாள். சொல் கிடைக்காத இடத்தில் நிற்பாள், அவர் எடுத்துக்கொடுப்பார்.