சந்தையும் கடைவீதியும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் ஊர்க் கடைவீதியில் பழைய மளிகைக்கடைகள் ஒவ்வொன்றாக மூடிவருகின்றன. வியாழக்கிழமைச் சந்தையில் மட்டும் நிற்க இடமில்லை. இது எப்படி? (வாசகி, புன்செய் புளியம்பட்டி)

பதில்: கடைவீதிக்குப் போகிறவர் வாங்க மட்டுமே போகிறார். சந்தைக்கு வருகிறவர் விற்கவும் வருகிறார். உங்கள் ஊர்ச் சந்தையையே பாருங்கள். கேரளத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் மாட்டு வியாபாரிகள் வருகிறார்கள். தரகர் துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்து விலையை முடிக்கிறார். வெள்ளாட்டை விற்ற பணத்தை மடியில் முடிந்துகொண்டு, வெங்காயமும் கருவாடும் மாட்டுக்குத் தாம்புக்கயிறும் வாங்கிப் பஸ் ஏறுகிறார்கள். பல்லைப் பிடித்துப் பார்க்காமல் யாரும் மாடு வாங்க மாட்டார்கள். செல்போனில் ஆர்டர் போட்டு முடிகிற காரியமா அது?

மளிகைக்கடையின் கதை வேறு. என் அப்பா காங்கயம் பக்கம் கடை வைத்திருந்தார். பாதி வியாபாரம் பற்று நோட்டில்தான். பருப்பு, புளி, மண்ணெண்ணெய் எல்லாம் போய்க்கொண்டே இருக்கும்; கடலைக்காய் பிடுங்கி விற்றதும் வந்து கணக்குத் தீர்ப்பார்கள். மழை பொய்த்துவிட்டால் அடுத்த வெள்ளாமை வரை அப்பா பொறுப்பார். வட்டி கேட்டதில்லை. கல்யாணச் சாமான் முழுவதையும் கடனுக்கே கொடுத்ததும் உண்டு.

அப்புறம் காட்டு வேலையை விட்டுப் பலர் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போனார்கள். அங்கே சனிக்கிழமையானால் சம்பளம். வாராவாரம் கையில் காசு வந்ததும் பற்று நோட்டின் தேவை குறைந்தது. விலை எங்கே குறைவோ அங்கே வாங்கலாம் என்றானது. ஆகவே சூப்பர் மார்க்கெட்தான் கடைவீதியை அழித்தது என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. வெள்ளாமையோடு கட்டியிருந்த கணக்கு அறுந்தபோதே கடைவீதி தளர்ந்துவிட்டது. இதில் எனக்கு முழு வருத்தமும் இல்லை. கடன் கேட்டுக் கடைக்காரர் முகத்தைப் பார்த்து நின்றவர்களில் பெண்களே அதிகம். இன்று அவர்கள் தங்கள் சம்பாத்தியத்தில் வாங்குகிறார்கள், அது நல்லதுதானே!

கேள்வி: என் பாட்டி இன்னும் ‘ஒரு வீசை’ என்கிறார். எவ்வளவு அது? எப்போது போனது? (வாசகர், தாராபுரம்)

பதில்: ஏறக்குறைய 1 கிலோ 400 கிராம். 40 பலம் ஒரு வீசை. 8 வீசை ஒரு மணங்கு. மெட்ரிக் எடைக்கான சட்டம் 1956-இல் வந்தது. 1957 ஏப்ரல் 1 முதல் அணா போய் நயா பைசா, 1958 முதல் படிப்படியாகக் கிலோ. காசும் எடையும் அடுத்தடுத்து மாறியதால் அந்தக் காலக் கடைக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

கேள்வி: அப்பாவின் மளிகைக்கடையை எடுத்து நடத்தலாம் என்றிருக்கிறேன். தாக்குப்பிடிக்குமா? (வாசகர், கோபி)

பதில்: சோப்பிலும் பிஸ்கட்டிலும் பெரிய கடைகளோடு விலைப்போட்டிக்குப் போனால் தாக்குப்பிடிக்காது. அவர்கள் வாங்கும் விலைக்கு உங்களுக்குச் சரக்குக் கிடைக்காது. பக்கத்திலேயே கவுந்தப்பாடி இருக்கிறது. பழனி பஞ்சாமிர்தத்துக்கே அங்கிருந்துதான் நாட்டுச் சர்க்கரை போகிறது. நீங்களும் ஆளைப் பார்த்து, சரக்கைக் கையில் எடுத்துப் பார்த்து நேரில் வாங்கலாம். ஈரோட்டு மஞ்சள், ஊத்துக்குளி வெண்ணெய், தெரிந்த செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் என்று நல்ல சரக்காக வையுங்கள். எண்ணெய் எந்தச் செக்கில் எப்போது ஆட்டியது என்று கேட்டால் உங்களால் பதில் சொல்ல முடிய வேண்டும். அந்தப் பதிலுக்காகவே நாலு காசு கூடக் கொடுக்கும் வீடுகள் கோபியில் இருக்கின்றன. சரி, பற்று நோட்டை என்ன செய்வது? அடியோடு நிறுத்த வேண்டாம். நன்றாகத் தெரிந்த வீடுகளுக்கு மட்டும் கொடுங்கள். மாதா மாதம் கணக்கை முடித்துவிட்டே புதுப் பக்கம் திருப்புங்கள்.