பெரிய ஸ்பீக்கரா, சின்ன ஸ்பீக்கரா?

கேள்வி: 14 அடிக்கு 11 அடி அறை ஒன்றைப் பாட்டு கேட்பதற்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். பெரும்பாலும் கர்நாடகக் கச்சேரிகள்தான். பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் 801, கிளிப்ஷ்ஹார்ன், ஹார்பெத் பி3, இந்த மூன்றில் எதை வாங்கலாம்?
- ஒரு வாசகர், கோவை

பதில்: மூன்றில் சின்னதான ஹார்பெத் பி3. விலை குறைவு என்பதற்காகச் சொல்லவில்லை, உங்கள் அறைக்காகச் சொல்கிறேன்.

14 அடி நீளத்தில் ஏறக்குறைய 40 ஹெர்ட்ஸ், 11 அடி அகலத்தில் 51 ஹெர்ட்ஸ், அப்புறம் இவற்றின் இரட்டிப்பான 80, 102 என்று சில இடங்களில் பாஸ், அதாவது அடித்தட்டு ஒலி, சுவருக்குச் சுவர் மோதி வீங்கும், எவ்வளவு விலை கொடுத்து எந்த ஸ்பீக்கரை வாங்கினாலும் வீங்கும். 801-ல் இரண்டு 10 அங்குல பாஸ் கோன்கள், ஒரு ஸ்பீக்கரே சுமார் 100 கிலோ. அது கொட்டும் அடி பாஸ் இந்த அறையில் தேங்கி நின்றால் மிருதங்கத்தின் தொப்பிச் (இடப்பக்கத்து) சத்தம் கொழகொழவென்று ஆகிவிடும், அதில் கையை அழுத்தி நாதத்தை வளைக்கும் கும்கியின் வளைவே தெரியாது. அருமையான ஸ்பீக்கர்தான், ஆனால் அதற்குக் கூடம் வேண்டும்.

கிளிப்ஷ்ஹார்ன் 1946-லிருந்து வருவது. அறையின் மூலைச் சுவர்களையே தன் ஹார்னின் (ஒலியைப் பெருக்கும் கூம்புக் குழாயின்) நீட்சியாக வைத்து வேலை செய்யும். அதனால் கதவு, ஜன்னல் குறுக்கிடாத இரண்டு மூலைகள் இருந்தால்தான் சரிவரும். நம் வீடுகளில் அது எங்கே கிடைக்கிறது? அதோடு மூலையில் வைத்த ஸ்பீக்கர்தான் அந்த வீக்கத்தை முழுசாகக் கிளப்பிவிடும்.

ஹார்பெத்தை 1977-ல் தொடங்கிய டட்லி ஹார்வுட் பிபிசி பொறியாளர். பி3-யும், சின்ன ஒலிபரப்பு வேன்களுக்குள் குரலைச் சரிபார்க்க பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கரின் வழியில் வந்ததுதான். வாய்ப்பாட்டில் அந்தக் குணம் தெரியும். இதன் சத்தம் 75 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேகமாகக் குறைந்துவிடும், அதனால் அந்த 40, 51 ஹெர்ட்ஸ் வீக்கத்தை அவ்வளவாகக் கிளப்பாது, கச்சேரிக்கு அது பெரிய இழப்பில்லை. ஒன்றே ஒன்று, இதன் சென்சிடிவிட்டி, அதாவது கொடுக்கும் பவருக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது, 83.5 டெசிபல், கிளிப்ஷ்ஹார்னுக்கு 105. ஹார்பெத்தில் அதே சத்தம் வர நூறு மடங்குக்கு மேல் பவர் வேண்டும், ஆகவே ஆம்ப்ளிஃபயரில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

வாங்கும் முன் கேட்டுப் பார்ப்பீர்கள் அல்லவா, அப்போது சத்தத்தைச் சமப்படுத்திக் கேளுங்கள். ஒரு டெசிபல் கூடினாலே அதுதான் நல்லது என்று காது சொல்லிவிடும். நீங்கள் உட்காரும் இடத்தில் ஃபோனை வைத்து டெசிபல் ஆப்பில் அளந்தால் போதும். முடிந்தால் எது ஓடுகிறது என்று பார்க்காமல் கேளுங்கள். 1994-ல் ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தில் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் நடத்திய சோதனையில், ஸ்பீக்கரைக் கண்ணால் பார்த்ததுமே பழகிய காதுக்காரர்களின் மதிப்பெண்கூட மாறியது.

கேள்வி: இதற்கு விலை உயர்ந்த கேபிள் அவசியமா?

பதில்: இல்லை. எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர் இந்த அறைக்குத் தாராளம். அந்தப் பணத்தில் உறுதியான ஸ்டாண்ட், தரைக்குக் கனமான ஜமக்காளம், பின்சுவரில் புத்தக அலமாரி என்று செய்யுங்கள்.