வாட்ச் சேகரிக்க ஆசை: முதலில் எதை வாங்குவது, எத்தனை வாங்குவது?

ஒன்று வாங்குங்கள். அதை மூன்று மாதம் தினமும் கட்டுங்கள். இரண்டாவதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

நான் இதற்கு நேர்மாறாகச் செய்தேன். முதல் வருடத்திலேயே ஆறு வாட்ச் வாங்கினேன்; அதில் நான்கு இன்று என்னிடம் இல்லை. காரணம் ஒன்றுதான், அளவு. என் மணிக்கட்டின் சுற்றளவு 16 செ.மீ. படத்தில் பார்த்து மயங்கி 44 மி.மீ. விட்டமுள்ள வாட்ச் வாங்கினேன். பட்டை மாட்டும் லக் இரண்டும் மணிக்கட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றன. கையை மடக்கும்போதெல்லாம் பக்கவாட்டில் இருக்கும் திருகு குமிழ் (கிரவுன்) புறங்கையில் குத்தும். மாலையில் கழற்றினால் அந்த இடம் வட்டமாகச் சிவந்திருக்கும்.

வாட்சின் விட்டத்தை மட்டும் பார்ப்பது போதாது என்று அப்போதுதான் புரிந்தது. மேல் லக் நுனியிலிருந்து கீழ் லக் நுனி வரை உள்ள நீளம்தான் முக்கியம். விற்பனைப் பக்கங்களில் பல நேரம் அதைப் போடவே மாட்டார்கள், கேட்டு வாங்குங்கள். அந்த நீளத்துக்கு ஓர் அட்டையை வெட்டி மணிக்கட்டின் மேல் வைத்துப் பாருங்கள். அட்டை வெளியே நீட்டினால் வாட்சும் நீட்டும். என்னைப் போல ஒல்லியான கை என்றால் 36 முதல் 40 மி.மீ. விட்டமும், 47 மி.மீ.க்குள் லக் நீளமும் நன்றாக உட்காரும்.

அடுத்தது பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸா, கை அசைவில் தானே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக்கா என்ற கேள்வி. நேரம் சரியாகக் காட்ட வேண்டும், அவ்வளவுதான் என்றால் குவார்ட்ஸ் போதும். உள்ளே இருக்கும் சின்னப் படிகம் நொடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. சாதாரண குவார்ட்ஸ்கூட மாதத்துக்கு 15 முதல் 30 நொடிதான் முன்பின் போகும். ஆட்டோமேட்டிக் அப்படி இல்லை. ஆரம்பநிலை வாட்ச்கள் பலவற்றில் இருக்கும் செய்கோவின் என்எச்35 இயந்திரத்துக்கு, ஒரு நாளைக்கு 20 நொடி பின்தங்கலாம், 40 நொடி முந்தலாம் என்று நிறுவனமே வரம்பு சொல்லியிருக்கிறது. முழுச் சாவியில் 41 மணி நேரம் ஓடும். வெள்ளி இரவு கழற்றி வைத்தால் திங்கள் காலை நின்றிருக்கும்.

அப்படியும் எனக்கு ஆட்டோமேட்டிக்தான் பிடிக்கும். பின்பக்கம் கண்ணாடி வைத்த வாட்சைத் திருப்பிப் பாருங்கள். நேரத்தை அளந்து விடும் சக்கரமான பேலன்ஸ் வீல் முன்னும் பின்னும் சுழன்றுகொண்டே இருக்கும், நொடிக்கு ஆறு துடிப்பு. காதருகே வைத்தால் அந்தச் சத்தம் கேட்கும். பேட்டரி கிடையாது, கையின் அசைவில் சுழலும் எடைத்தகடான ரோட்டர்தான் சுருளுக்குச் சாவி கொடுக்கிறது. இரவில் விளக்கை அணைத்த பிறகும் அதைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த நாட்கள் எனக்கு உண்டு. இது உங்களை ஈர்க்கவில்லை என்றால் குவார்ட்ஸே வாங்குங்கள், அதில் எந்தக் குறையும் இல்லை.

பெயர் சொல்லுங்கள் என்றால்: 1989 முதல் விற்கும் டிஜிட்டல் வாட்ச் கேசியோ எஃப்-91டபிள்யூ, 1963-இல் தொடங்கிய ஆட்டோமேட்டிக் செய்கோ 5 வரிசை, ஒளியில் ஓடும் சிட்டிசன் ஈகோ-டிரைவ். மூன்றும் மூன்று விதம். எதில் தொடங்கினாலும் நல்ல தொடக்கம்தான்.

வாங்கிய பிறகு கவனிக்க வேண்டியவை கொஞ்சம் உண்டு. 30 மீட்டர் என்று பின்னால் எழுதியிருந்தால் 30 மீட்டர் ஆழம் போகலாம் என்று அர்த்தமில்லை. கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். நீச்சலுக்கு 100 மீட்டராவது வேண்டும். தேதி உள்ள மெக்கானிக்கல் வாட்சில் (சாவியில் ஓடுவது; ஆட்டோமேட்டிக்கும் இதில் சேரும்), முள் இரவு ஒன்பதுக்கும் அதிகாலை மூன்றுக்கும் இடையில் நிற்கும்போது தேதியைத் திருப்பாதீர்கள். அந்நேரம் தேதிச் சக்கரத்தின் பற்கள் பிணைந்திருக்கும், உடைந்துவிடலாம். அப்புறம், காந்தம். ஒருமுறை என் வாட்ச் திடீரென்று ஒரே நாளில் பல நிமிடம் முந்தியது. இயந்திரமே போய்விட்டது என்று பதறி எடுத்துப்போனேன். நான் அதை ஸ்பீக்கர் மேல் வைத்திருந்தேன். பேலன்ஸ் வீலோடு இணைந்த மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங் காந்தமேறி அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பழுது பார்ப்பவர் ஒரு சின்னக் கருவியின் மேல் வைத்து எடுத்தார், சில நொடிகளில் சரியாகிவிட்டது.

பழைய வாட்ச்களை முதல் வருடம் தொடாதீர்கள் என்பேன். டயலுக்கு மறுபடி வண்ணம் அடித்து அசல் என்று விற்பது நிறைய நடக்கிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் எழுத்தின் ஓரம் பிசிறடித்திருக்கும், நிமிடக் கோடுகள் முள்ளின் நுனிக்கு நேராக வராது. ஆனால் அதைப் பார்க்கும் கண் பழகப் பழகத்தான் வரும்.

மூன்று மாதம் காத்திருக்க முடியவில்லையா? புது வாட்சுக்குப் பதில் புதுப் பட்டை வாங்குங்கள். இரண்டு லக்குக்கு நடுவே 18, 20, 22 மி.மீ. என எது இருக்கிறதோ அந்த அளவுக்குத் தோல் பட்டை ஒன்று, நைலான் ஒன்று. மாற்றும்போது கீழே ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள்; பட்டையை லக்கில் பிடித்திருக்கும் சின்ன ஸ்பிரிங் பார் துள்ளி விழுந்தால் தேடி எடுப்பது பெரும்பாடு.