யோபு பிறந்த நாளைச் சபித்தது விசுவாசக் குறைவா?

இல்லை. பைபிளில் பிள்ளைகளையும் உடைமைகளையும் உடல்நலத்தையும் இழந்து துன்பப்பட்டவர் யோபு. அவர் பெயரிலுள்ள புத்தகத்தின் 3ஆம் அதிகாரத்தில் அவர் சபிப்பது தாம் பிறந்த நாளை, கடவுளை அல்ல. "அப்படியானால் யோபு தோற்றுவிட்டாரா?" என்று கேட்டிருந்தீர்களே, அதற்குப் பதில் 42:7இல் இருக்கிறது: தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியது யோபுதான், அவரைக் குற்றம் சாட்டிய நண்பர்கள் அல்ல என்று கர்த்தரே சொல்கிறார்.

பெரும்பாலும் யோபு பொறுமையாகத் தாங்கிக்கொள்ளும் முதல் இரண்டு அதிகாரங்களோடு நிறுத்திவிடுகிறோம், குழப்பம் அங்கிருந்துதான். சாம்பலில் உட்கார்ந்து ஓட்டால் புண்ணைச் சுரண்டிய மனிதர் அப்புறம் என்ன பேசினார் என்பது காதில் விழுவதே இல்லை.

இன்றிரவு பைபிளின் ஜெபப் பாடல்களில் ஒன்றான 88ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். இருளிலேயே முடிகிறது; ஆனாலும் அது ஜெபம்தான். உங்கள் அழுகையும் அப்படித்தான்.

ஒன்று மட்டும்: யோபு 38:2இல் கர்த்தரிடமிருந்து யோபுக்கும் கண்டிப்பு உண்டு. அவர் சொன்ன எல்லாமே சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.