நாற்பதுக்கு மேல் பத்தாம் வகுப்பு: டீச்சரிடம் கேட்டவை

கன்னியாகுமரி மாவட்டம் குழித்துறைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேலைக்குப் போய்க்கொண்டே தனித்தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுத் திண்ணையில் பாடம் எடுக்கிறேன். பலர் அனுப்பிய கேள்விகளில் அடிக்கடி வருகிறவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறேன். வயது 41. ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். இனிப் பத்தாவது எழுத விடுவார்களா டீச்சர்? படிக்க நேரம் எங்கே இருக்கிறது?

விடுவார்கள், தம்பி. தனித்தேர்வருக்குப் பதினான்கரை வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்கு மேல் எத்தனை வயதானாலும் தடை இல்லை. முதலில் பழைய டிசியைத் தேடி எடுங்கள். தொலைந்திருந்தால் படித்த பள்ளியில் போய்க் கேளுங்கள், சேர்க்கைப் பதிவேடு அங்கே இருக்கும். அடுத்தது அறிவியல் செய்முறை. அறிவியலில் 75 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு, 25 செய்முறைக்கு. அந்தச் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாக, முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும். தேர்வுக்கு விண்ணப்பம் போடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்து ஒரு வருஷத்தை இழந்தவர்கள் என் திண்ணையிலேயே இரண்டு பேர் உண்டு.

நேரத்துக்கு வருகிறேன். விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போவீர்கள், பாலெடுத்து ஷீட் அடித்து முடிக்க மத்தியானம் ஆகிவிடும். சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்து, மூன்றரையிலிருந்து ஐந்து வரை உட்காருங்கள். ராத்திரி படிப்பு உங்களுக்கு ஒத்துவராது, கண் சொக்கிவிடும். இன்னொரு வசதியும் இருக்கிறது. ரப்பர் மரம் இலை உதிர்ந்து, பால் வெட்டை நிறுத்திப்போடுகிற பிப்ரவரி, மார்ச் மாதங்கள்தான் பொதுத்தேர்வுக்கு முந்தைய நாட்கள். கையில் காசு குறைகிற காலம், கஷ்டம்தான். ஆனாலும் காலை முழுவதும் உங்களுடையது. அதைக் கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் படித்த ஓர் அக்காவின் கணக்கு நோட்டில் பால் பட்டுக் காய்ந்து, இரண்டு பக்கம் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். மரத்தில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலை உரிக்கிற மாதிரியே நகத்தால் மெல்லப் பிரித்துவிட்டு, விட்ட வரியிலிருந்து தொடங்குவார். முதல் தடவை கணக்கில் மட்டும் போயிற்று. தவறிய பாடத்தை மட்டும் திரும்ப எழுதினால் போதும் என்பதால் துணைத்தேர்வில் எழுதித் தேறிவிட்டார்.

அண்டி ஆபீசில் (முந்திரித் தொழிற்சாலையில்) இருபது வருஷமாக வேலை பார்க்கிறேன். டிசியில் ஒரு பெயர், ஆதாரில் வேறு பெயர். பிறகு சரி பண்ணிக்கொள்ளலாமா?

வேண்டாம் அக்கா, இப்போதே சரி பண்ணுங்கள். நம்ம மாவட்டத்தில் இது பெரிய தொல்லை. கோயிலில் ஞானஸ்நானத்தில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் சேர்த்த மாமா சொன்ன பெயர் ஒன்று. பிறந்த தேதியும் அப்படித்தான், ஜூன் மாதம் சேர்க்க வசதியாக எதையாவது எழுதிவைத்திருப்பார்கள்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் அச்சாகிற பெயரும் பிறந்த தேதியும்தான் அப்புறம் பாஸ்போர்ட், வேலை, ஓய்வூதியம் வரைக்கும் கூடவே வரும். அச்சான பிறகு மாற்ற அலைய வேண்டும். அதனால் விண்ணப்பத்துக்கு முன் ஒரு தாளில் டிசி, ஆதார், ரேஷன் கார்டு மூன்றிலும் இருப்பதை எழுத்து எழுத்தாக, இனிஷியல் உட்பட, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். சின்ன எழுத்துப்பிழை என்றால் ஆதாரைத் திருத்திவிடலாம். பெயரே வேறு என்றால் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடுவதுதான் வழி.

பன்னிரண்டாவது எழுதாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் சேரலாம் என்கிறார்கள். சேரட்டுமா?

அரசு வேலையோ பதவி உயர்வோ மனதில் இருந்தால் சேராதீர்கள். பத்து, பன்னிரண்டு, பிறகு மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசை இருந்தால்தான் செல்லும் என்பது தமிழ்நாடு அரசு 2009இல் போட்ட ஆணை. இதைத் தெரியாமல் பட்டம் வாங்கி, நாற்பத்தைந்து வயதில் பன்னிரண்டாவது எழுத வந்தவரைப் பார்த்திருக்கிறேன். அவர் முகம் மறக்கவில்லை. அவரைச் சேர்த்த மையம் பணம் வாங்கும்போது இதைச் சொல்லவே இல்லை. வரிசையாக வந்துவிட்டால் பயமில்லை. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் வழியிலேயே படிக்கலாம், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவும் இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும் அந்தப் படிப்புக்கு, அந்த வருஷத்துக்கு, பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி தந்திருக்கிறதா என்று அதன் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். ஏஜென்ட் காட்டுகிற தாளை நம்ப வேண்டாம்.

ஐடிஐ ஃபிட்டர் முடித்து 14 வருஷம் கல்ஃபில் இருந்தேன். தபால் வழியில் டிப்ளமோ கிடைக்குமா?

வாங்கினாலும் பிரயோஜனம் இல்லை. தொழில்நுட்பப் படிப்பைத் தபால் வழியில் நடத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொல்லிவிட்டது. ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். நாகர்கோவில் கோணத்தில் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது, போய் விசாரியுங்கள். பகல் வகுப்பு, இரண்டு வருஷம். அதுவரை வீட்டுச் செலவுக்குக் கையிருப்பு இருக்கிறதா என்று வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போங்கள்.

பட்டம் இருக்கிறது, வயது 48. வக்கீலுக்குப் படிக்கலாமா?

மூன்றாண்டு சட்டப் படிப்புக்குத் திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் விண்ணப்பிக்கலாம். தினமும் வகுப்புக்குப் போக வேண்டும். தொலைநிலைச் சட்டப் பட்டத்தை வைத்து வக்கீலாகப் பதிய முடியாது.

52 வயது. படிக்கிறது மண்டையில் நிற்கவில்லை. மகளும் இந்த வருஷம் பத்தாவது எழுதுகிறாள், வெட்கமாக இருக்கிறது.

வெட்கத்தை விடுங்கள் அக்கா. பக்கத்துக் கேரளத்தில், ஆலப்புழை மாவட்டத்தில் கார்த்தியாயினி அம்மா 2018இல் தன் 96ஆம் வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி, நூற்றுக்கு 98 வாங்கினார்.

மண்டையில் நிற்காததற்கு வயதைக் குறை சொல்லாதீர்கள். படிக்கிற விதம்தான் காரணம். திரும்பத் திரும்ப வாசிப்பதால் நிற்காது. ஒரு பக்கம் வாசித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை ரஃப் நோட்டில் எழுதுங்கள். பாதிதான் வரும், பரவாயில்லை. விட்டதை மட்டும் திறந்து பார்த்து, மறுநாள் காலையில் மறுபடி எழுதுங்கள். நவம்பருக்கு மேல் வாரத்துக்கு ஒரு பழைய வினாத்தாள், கடிகாரம் வைத்து. இருபது வருஷம் பேனா பிடிக்காத கை அரை மணி நேரத்தில் வலிக்கும். மூன்று மணி நேரத்துக்குக் கையையும் பழக்க வேண்டும்.

மகளும் எழுதுவது உங்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம். புத்தகம் ஒன்றேதான். ராத்திரி பாத்திரம் கழுவும்போது அவளைச் சமூக அறிவியலில் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் அவள் உங்களுக்கு டீச்சர். கணக்குக்கு இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் திண்ணைக்கு வாருங்கள்.