கூரை திறக்கும் காருக்கு எந்த ஸ்பீக்கர்?

கேள்வி (கொக்குவிலிலிருந்து ஒரு வாசகர்): அண்ணா, என்னிடம் 2004ஆம் ஆண்டு டைஹட்சு கோபன் கார் ஒன்று இருக்கிறது. கூரையை மூடிக்கொண்டு ஓடினால் பாட்டு நன்றாகத்தான் கேட்கிறது. பின்னேரத்தில் கூரையைத் திறந்து பண்ணைப் பாலத்தால் ஊர்காவற்றுறைப் பக்கம் போனால் ஒன்றும் விளங்குவதில்லை. சத்தத்தைக் கூட்டினால் கரகரக்கிறது. கடையில் கேட்டதற்கு 12 அங்குல வூஃபர் (ஆழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) பெட்டி, 1000 வாட் அம்ப் (ஸ்பீக்கருக்கு வலுக்கொடுக்கும் அம்ப்ளிஃபயர்), புது அண்ட்ரொயிட் செற் (டாஷ்போர்டில் பாட்டுப் போடும் பெட்டி) மூன்றையும் சேர்த்துப் பூட்டித் தரலாம் என்றார்கள். என் கையில் ஒன்றரை லட்சம் ரூபா இருக்கிறது. போடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. அந்தப் பெட்டியை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று கடைக்காரர் கேட்டாரா? கோபனின் கூரை மடிந்து போய்ப் படுப்பது டிக்கிக்குள். கூரை உள்ளே போனபிறகு அங்கே ஒரு சின்னப் பை வைக்கத்தான் இடம் மிஞ்சும். பெட்டியை வைத்தால் கூரையைத் திறக்க முடியாது. உங்கள் குறையே கூரை திறந்திருக்கும்போது பாட்டுக் கேட்கவில்லை என்பதுதான்.

இடம் இருந்தாலும் நான் அதை வாங்கச் சொல்லமாட்டேன். மூடிய காருக்குள் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, திரண்டு கேட்பதற்குப் பாதிக் காரணம் காரேதான். சின்ன அறைக்குள் ஸ்பீக்கர் தள்ளும் காற்றுக்கு வெளியே போக வழி இல்லை, அதனால் தாழ்ந்த ஒலி பெருகுகிறது. கூரையைத் திறந்தவுடன் அந்த உதவி போய்விடும். அதோடு, ஓடும்போது காதில் மோதும் காற்றின் இரைச்சலும் தாழ்ந்த ஒலியாகவே அதிகம் இருக்கிறது. தவிலின் தொப்பிப் பக்கத்து ஆழ்ந்த ஒலி காற்றில் கரைந்துபோகும், நாதஸ்வரம் மட்டும் மெலிதாக வந்துகொண்டிருக்கும். அந்த இடத்தில் எத்தனை அங்குல வூஃபர் போட்டாலும் போட்ட காசுக்குப் பலன் குறைவு.

உங்களுக்கு வேண்டியது நடுப்பகுதி ஒலி: பாடகரின் குரல், தவிலின் வலந்தலை, கிற்றார் இருக்கும் இடம். அது கதவு ஸ்பீக்கரிலிருந்து வரவேண்டும். ஆகவே காசு கதவுக்குப் போகட்டும்.

வாட் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள், ஏமாற்றம் எல்லாம் அதில்தான் இருக்கிறது. 1990களில் மின்சாரம் இல்லாமல் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாங்கள். அந்த டைனமோ தருவது 6 வோல்ட், 3 வாட். முற்றத்தில் பத்துப் பேர் இருந்து செய்தி கேட்க அது போதுமாக இருந்தது, ஏனென்றால் சுற்றிவர அமைதி. மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் கூரையில்லாமல் போகும்போது 20 வாட்டும் போதாது. உங்கள் செற்றின் முகப்பில் ‘50×4’ என்று எழுதியிருக்கும். அது ஒரு கணத்துக்கு எட்டக்கூடிய உச்சம். தொடர்ந்து தரக்கூடியது ஒரு ஸ்பீக்கருக்கு 15 முதல் 20 வாட் வரைதான். அதற்கு மேல் கூட்டும்போது செற் திணறுகிறது, அந்தக் கரகரப்பு அதுதான். ஸ்பீக்கர் பழுதென்று நினைத்து அதை மட்டும் மாற்றினால் கரகரப்பு திரும்பவும் வரும்.

வாட்டை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இருமடங்கு என்று தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. இதனால்தான் ஸ்பீக்கர் பெட்டியின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் சென்சிட்டிவிட்டி எண்ணை (ஒரே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பதை) முதலில் பார்க்கச் சொல்கிறேன். ஒன்றில் 88 டெசிபல், இன்னொன்றில் 91 டெசிபல் என்று இருந்தால், இரண்டாவதை எடுப்பது அம்பை இரட்டிப்பாக்குவதற்குச் சமம். பெட்டியின் முன்பக்கத்தில் பெரிதாக ‘300 வாட் மக்ஸ்’ என்று இருக்கும். அதை விட்டுவிட்டு ஆர்.எம்.எஸ். அல்லது நொமினல் என்ற, தொடர்ந்து தாங்கும் வாட் எண்ணைத் தேடுங்கள். 300 என்று எழுதிய பெட்டிக்குள் 40 இருப்பது சாதாரணம். அது பிழையில்லை, ஆனால் வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி ஒன்றரை லட்சத்தைப் பிரிப்போம். விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் பங்காகச் சொல்கிறேன். மூன்றில் ஒரு பங்கு நல்ல கொம்போனென்ட் ஸ்பீக்கர் சோடிக்கு, அதாவது கதவுக்கு ஒன்று, காதின் உயரத்துக்குக் கிட்ட ட்வீட்டர் (உயர்ந்த ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) ஒன்று. இன்னொரு பங்கு நான்கு சனல் கிளாஸ் டி (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை) அம்புக்கு. ஒரு சனலுக்கு ஆர்.எம்.எஸ். 50 முதல் 75 வாட் போதும். கடைசிப் பங்கு வயர், பியூஸ், கதவு வேலை, கூலி. செற்றை மாற்ற வேண்டாம். நீங்கள் பாட்டுப் போடுவது கைபேசியில் என்றால் புது அண்ட்ரொயிட் செற்றால் ஒலி கூடப் போவதில்லை, கூரை திறந்த காரில் நண்பகல் வெயிலில் திரையும் தெரியாது.

கதவு வேலைதான் எல்லாவற்றையும் விட முக்கியம். எந்தக் கடையும் அதைத் தானாகச் சொல்வதில்லை, ஏனென்றால் செய்ய நேரம் எடுக்கும், கண்ணுக்கும் தெரியாது. கதவின் உள்தகட்டில் பெரிய ஓட்டைகள் இருக்கும். ஸ்பீக்கரின் முன்னால் வரும் ஒலியும் பின்னால் போகும் ஒலியும் அந்த ஓட்டைகள் வழியாகச் சந்தித்து ஒன்றையொன்று அழித்துவிடும், முதலில் போவது பேஸ். பியூட்டில் ஷீட் (ஒட்டும் றப்பர் போன்ற தகடு) ஒட்டி ஓட்டைகளை மூடி, ஸ்பீக்கருக்கு அடியில் கெட்டியான வளையம் வைத்து இறுக்கினால், பழைய ஸ்பீக்கரே புதிதுபோலக் கேட்கும். ஆனால் கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் சின்னத் துவாரங்களை மூடக்கூடாது. கண்ணாடி இடுக்கால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்குவது எல்லாக் கார்களிலும் நடப்பதுதான். என் காரில் இந்த வேலை செய்தவர் அந்தத் துவாரங்களையும் சேர்த்து ஒட்டிவிட்டார். கார்த்திகை மழையில் கதவைத் திறந்தால் உள்ளே தண்ணீர் தளம்பும் சத்தம். ஸ்பீக்கர் போனது, கதவின் அடியும் துருப்பிடித்தது. ஸ்பீக்கரை விடக் கதவுத் தகரத்துக்குத்தான் அதிகம் செலவானது. நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்துச் செய்வியுங்கள்.

ஸ்பீக்கரின் கூம்பு பொலிபுறோப்பிலீன், விளிம்பு றப்பர் என்று கேட்டு வாங்குங்கள். ஃபோம் விளிம்பு நம் வெக்கையில் சில வருடத்தில் பொடியாகிவிடும். உப்புக்காற்று படும் ஊரில் கடதாசிக் கூம்பும் நல்லதில்லை. படகுக்கென்று செய்த மரைன் ஸ்பீக்கர் கிடைத்தால் இந்தக் காருக்கு மிகவும் பொருந்தும்.

பற்றறி தாங்குமா என்று யோசிப்பீர்கள். நான்கு சனலுக்கும் 50 வாட் என்றால் மொத்தம் 200. கிளாஸ் டி அம்ப் ஏறத்தாழ 250 வாட் இழுக்கும், 18 அம்பியர் அளவு. அதுவும் முழுச் சத்தத்தில்தான். 660 சிசி காரின் ஒல்டனேட்டர் (எஞ்சின் சுற்றி மின்சாரம் தரும் கருவி) அதைத் தாங்கும். உண்மையான 1000 வாட் அம்ப் என்றால் 90 அம்பியர் வேண்டும். அதை இந்தச் சின்ன காரிடம் கேட்கக்கூடாது.

பூட்டி முடிந்ததும் அம்பில் ஹை பாஸ் (தாழ்ந்த ஒலியைத் தடுக்கும்) என்ற திருகியை 80 ஹேர்ட்ஸ் அளவில் வையுங்கள். கதவு ஸ்பீக்கர் தன்னால் முடியாத ஆழ்ந்த பேஸை விட்டுவிட்டு முடிந்ததைத் தெளிவாகச் செய்யும். செற்றில் கூரை திறந்ததற்கு ஒன்று, மூடியதற்கு ஒன்று என இரண்டு ஈகுவலைசர் அமைப்பைச் சேமித்து வையுங்கள். திறந்தபோது 100 முதல் 200 ஹேர்ட்ஸ் பகுதியைக் கொஞ்சம் உயர்த்துங்கள். கடையின் வாசலில் நின்று சரிபார்த்தால் போதாது. கூரையைத் திறந்து ஒரு சுற்று ஓடிப் பார்த்த பிறகே மீதிக் காசைக் கொடுப்பேன் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் முன்னால் காசில்லாத வேலை ஒன்று இருக்கிறது. கூரையைத் திறந்தாலும் பக்கக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஓடிப் பாருங்கள். அப்புறம் இரண்டு இருக்கைக்கும் பின்னால் ஒரு காற்றுத் தடுப்பு, வலையோ தெளிந்த பிளாஸ்ரிக் தகடோ. பின்னாலிருந்து சுழன்று வரும் காற்றை அது குறைக்கும். இரைச்சலைக் குறைத்தால் சத்தத்தைக் கூட்டத் தேவையில்லை, உங்கள் காதுக்கும் அதுதான் நல்லது. உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபலை வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம் என்கிறது, 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணித்தியாலம்.

கேள்வி (நெல்லியடியிலிருந்து): ஜப்பானிலிருந்து வந்த எங்கள் காரின் வானொலியில் சில நிலையங்கள் மட்டும் வருகின்றன, வருவதும் வேறு எண்ணில் காட்டுகிறது. செற் பழுதா?

பதில்: பழுதில்லை. ஜப்பானில் எஃப்.எம். 76 மெகாஹேர்ட்ஸில் தொடங்கி அந்நாளில் 90 உடன் முடிந்தது, பின்னர் 95 வரை நீட்டினார்கள். நமது நிலையங்கள் 88 முதல் 108 வரை பரந்திருக்கின்றன. உங்கள் காரில் அன்ரனா வயருக்கு நடுவே பான்ட் எக்ஸ்பாண்டர் என்ற சின்னப் பெட்டி இருக்கும். அது நம் அலைவரிசைகளைக் கீழே இறக்கிச் செற்றுக்குக் கொடுக்கிறது. அதனால்தான் எண் மாறிக் காட்டுகிறது. அகலமான வரிசையைக் குறுகிய இடத்துக்குள் அடைக்க முடியாததால் ஒரு ஓரத்து நிலையங்கள் விடுபடும். வானொலி உங்களுக்கு முக்கியம் என்றால் செற்றை மாற்றுவது மட்டும்தான் முழுத் தீர்வு. அப்போது முகப்பின் அகலத்தை அளந்துகொண்டு போங்கள். டொயோட்டா, டைஹட்சு கார்களில் பலவற்றுக்கு 200 மில்லிமீற்றர், பொதுச் செற்றுகள் 180. இரு பக்கத்துக்கும் நிரப்பும் துண்டுகளையும் சேர்த்தே கேளுங்கள். கூடவே வயரை வெட்டாமல் இணைக்கும் சொக்கெற்றும் வாங்குங்கள், அதன் விலை சிறிது. வெட்டிய வயரோடு காரை விற்கப் போனால் வாங்குபவர் வேறு என்னென்ன வெட்டப்பட்டது என்று சந்தேகப்படுவார்.

கேள்வி (சாவகச்சேரியிலிருந்து): அப்பாவின் மொறிஸ் மைனர் கன்வேட்டிபிள் இன்னும் ஓடுகிறது. அதில் புளூடூத் செற் ஒன்று பூட்ட ஆசை.

பதில்: கவனம். பழைய மொறிஸ் மைனர்களில் பற்றறியின் நேர்முனைதான் காரின் உடலோடு இணைந்திருக்கும். இன்றைய செற் எல்லாவற்றிலும் எதிர்முனை உடலோடு இருக்க வேண்டும். அப்படியே பூட்டினால் செற்றின் உடலும் காரின் உடலும் தொட்ட கணத்தில் செற்றோ வயரோ எரியும். முனையை மாற்றலாம்: பற்றறியைத் திருப்பி, டைனமோவுக்கு மீண்டும் முனையேற்றி, கொயில் வயர்களை இடம் மாற்றவேண்டும். பழைய கார் மின்வேலை தெரிந்த கையால் மட்டும் செய்வியுங்கள். இன்னொன்று, அந்த டைனமோ தருவது ஏறத்தாழ 20 அம்பியர்தான், நின்ற இடத்தில் இயங்கும்போது அதுவும் இல்லை. அம்புக்கு இடமே கிடையாது. என் ஆசை என்னவென்றால், டாஷ்போர்டில் ஒரு ஓட்டையும் போடாமல், சார்ஜ் செய்யும் புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி இருக்கையில் வைத்துக்கொள்ளுங்கள். மொறிஸ் மைனரின் திறந்த கூரை வகை செய்வதை 1969இல் நிறுத்திவிட்டார்கள். ஓட்டை போட்ட டாஷ்போர்டுக்கு மாற்று தேடி அலைய வேண்டிவரும்.

கேள்வி (வல்வெட்டித்துறையிலிருந்து): அம்ப் வயர் செற் ஒன்று மலிவாகக் கிடைத்தது. நண்பர் அது செப்பில்லை என்கிறார். எப்படித் தெரிந்துகொள்வது? கடைக்காரர் திருப்பி எடுக்க மறுக்கிறார்.

பதில்: நுனியில் ஒரு இழையைப் பிளேட்டால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியத்துக்குச் செப்புப் பூச்சு. வெளியே வெள்ளையாகவும் சுரண்டினால் உள்ளே சிவப்பாகவும் இருந்தால் வெள்ளீயம் பூசிய செப்பு. அது உப்புக்காற்றுக்கு மிக நல்லது, தூக்கி எறிந்துவிடாதீர்கள். அலுமினிய வயர் அதே தடிப்புள்ள செப்பின் மூன்றில் இரண்டு பங்கு மின்சாரம்தான் கடத்தும். கடற்கரை ஊரில் இணைப்புகள் பூத்துச் சூடேறும். வயர் செற்றில் ‘சி.சி.ஏ.’ (செப்புப் பூசிய அலுமினியம்) என்று எழுதியிருந்தால் கடைக்காரர் பொய் சொல்லவில்லை, அதைப் பார்க்காமல் வாங்கியிருக்கிறீர்கள். முழுச் செப்பு என்று எழுதியோ சொல்லியோ விற்றிருந்தால் முறையிடலாம், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. அதற்குப் பற்றுச்சீட்டு வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அதில் பொருளின் பெயர், மொடல், தொடர் இலக்கம், உத்தரவாதக் காலம் நான்கையும் எழுதச் சொல்லுங்கள். ‘ஓடியோ சாமான் 1’ என்று எழுதிய துண்டை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

எந்த வயர் என்றாலும், பற்றறியிலிருந்து 45 சென்ரிமீற்றருக்குள் ஒரு பியூஸ் இருக்கவேண்டும். அம்புக்குப் பக்கத்தில் வைத்த பியூஸ் அம்பைத்தான் காக்கும், வயர் எங்காவது உரசி உடலைத் தொட்டால் காரைக் காக்காது. உங்கள் வயர் செற்றில் அது வந்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.